வெண்ணெய்க்காரனின் கழுத்தில் என் மாலை

1

போன மாதம் முகநூலில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து ஆளாளுக்கு எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். 'ஜெசிந்தா அக்காவுக்கு அரண்மனையிலையோ வேலை?' என்று ஒருவர். 'அண்ணை, நீங்கள் ஏன் படத்திலை இல்லை?' என்று இன்னொருவர். பித்தளைக் கைப்பிடி வைத்த படிக்கட்டு, சிவப்புக் கம்பளம், தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை, நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்டுச் சிரிக்கும் என் மனைவி. அது அரண்மனை இல்லை. கோப்பன்ஹேகன் நகரத்தின் நடுவில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஹொட்டேல். மேலே படுக்கை அறைகள், கீழே கசினோ, அதாவது சூதாட்ட மண்டபம். பெயரை எழுத மாட்டேன். அவர்களுக்கு விளம்பரம் செய்ய எனக்கு யாரும் சம்பளம் தருவதில்லை.

நான் ஏன் அந்தப் படத்தில் இல்லை என்பதைத்தான் எழுதுகிறேன். கேட்டவர்கள் வாசித்துவிட்டு இனிமேல் கேட்காமல் இருங்கள்.

எனக்கு அந்த ஹொட்டேலைப் பிடிக்காது. கட்டடத்தின் மேல் ஒரு மனிதனுக்குப் பொறாமை வருமா என்று சிரிப்பீர்கள். வரும். உங்கள் மனைவி வீட்டில் சிரிக்காத சிரிப்பை ஒரு படிக்கட்டில் நின்று சிரித்தால் உங்களுக்கும் வரும்.

2

நாங்கள் இருப்பது இஷொயில். நகரத்துக்கு மேற்கே, அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கும் இடம். எனக்குப் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. விடியமுன் எழும்பிப் போனால் மத்தியானம் திரும்புவேன். நான் வரும்போது ஜெசிந்தா வெளிக்கிட்டுக்கொண்டு நிற்பாள். சனி, ஞாயிறு எனக்கு ஓய்வு. அவளுக்கு அந்த இரண்டு நாளும்தான் முக்கியமான வேலை. ஒரு வீட்டில் இரண்டு பேர் இப்படி எதிரெதிர் ரயில்கள் மாதிரி ஓடலாம் என்று கல்யாணம் பேசும்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இதில் பெரிய எரிச்சல், அந்த வேலைக்கு அவளைச் சேர்த்துவிட்டது நான். டென்மார்க்குக்கு வந்த புதிதில் வீட்டில் தனியே இருந்து அழுதாள். என்னோடு வேலை செய்த ஒருவனின் மனைவி அந்த ஹொட்டேலில் அறை துப்பரவாக்கினாள். "ரெண்டு மாசம் செய்து பாரும், பிடிக்காட்டி விடும்" என்று நானே கூட்டிக்கொண்டு போய் பின்கதவில் விட்டேன். பிடித்துப்போய்விட்டது.

நான் மொழிப்பள்ளியைப் பாதியில் விட்டவன். அவள் வேலைக்கும் போய்ப் பள்ளியையும் முடித்தாள். அறை துடைக்கப் போகிறவர்கள் துடைத்துவிட்டு வருவார்கள். இவள் துடைக்கும்போது கேள்வி கேட்பாள். இந்தக் கதிரை எந்தக் காலத்தது, இந்தப் படத்தில் இருக்கும் ஆள் யார், லிஃப்ற்றுக்குள் ஏன் உட்கார ஒரு வாங்கு இருக்கிறது. வயதான டேனிஷ்காரர்கள் நடைபாதையில் நின்று இவளிடம் கதை கேட்கத் தொடங்கினார்கள். மேலாளர் ஹென்ரிக் அதைக் கண்டான். துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டைக் கொடுத்தான். இப்போது வார இறுதியில் ரிக்கற் வாங்கி வருகிறவர்களுக்கு ஹொட்டேலைச் சுற்றிக்காட்டி வரலாறு சொல்வதுதான் அவளுடைய வேலை. டேனிஷில். இங்கேயே பிறந்த சனத்துக்கு.

நான் நகரசபைக்குப் போனால் இன்றைக்கும் அங்கே இருப்பவர்கள் என்னைப் பார்த்துப் பேச மாட்டார்கள். பக்கத்தில் நிற்கும் என் மகளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அவள் பதில் சொல்லுவாள். நான் கையெழுத்துப் போடுவேன். என்ன சொன்னார்கள் என்று தமிழில் கேட்டால் டேனிஷில் "ஒண்டுமில்லை அப்பா" என்பாள்.

3

அந்த வரலாற்றை நான் ரிக்கற் வாங்காமலே கேட்டிருக்கிறேன். சாப்பாட்டு மேசையில், காரில், பல்லுத் தீட்டும்போது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவள் சொல்லும் அழகு எனக்கு வராது.

கட்டியவன் ஒரு வெண்ணெய் வியாபாரி. ஜூட்லாந்துப் பக்கத்தில் மாடும் வயலும் வைத்திருந்த கமக்காரனின் மகன். பீப்பாய் பீப்பாயாக இங்கிலாந்துக்கு வெண்ணெய் அனுப்பிப் பணக்காரனானான். ஊரிலிருந்து ரயிலில் வரும் கமக்காரர்கள் நகரத்தில் படுக்க நல்ல இடமில்லாமல் அலைகிறார்கள் என்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இதைக் கட்டினான். அவனுடைய மனைவிக்கு நெஞ்சு வருத்தம். இந்தக் குளிரில் இருக்கக்கூடாது, இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போ என்று வைத்தியர் சொன்னார். வியாபாரத்தை விட்டுப் போக முடியாது. அதனால் ஹொட்டேலின் நடுவில் கண்ணாடிக் கூரை போட்டு, நிலத்துக்குக் கீழே சுடுதண்ணீர்க் குழாய் ஓடவிட்டு, கப்பலில் பனை மரங்களைக் கொண்டுவந்து நட்டு அவளுக்கு ஒரு தோட்டம் கட்டினான். 'குளிர்காலத் தோட்டம்' என்று பெயர். அவள் மாடியிலிருந்து மூச்சு வாங்காமல் இறங்கி வர லிஃப்ற்றுக்குள் வெல்வெற் வாங்கும் போட்டான். சில வருடத்தில் அவள் செத்துப்போனாள். பனைகள் நிற்கின்றன.

இந்த இடம் வந்தால் ஜெசிந்தாவின் குரல் மாறும். சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும்.

"அந்த மனுசன் பெண்சாதிக்கு எண்டு ஒரு தோட்டத்தையே கட்டினவர்" என்பாள்.

"மேசன்மார் கட்டினவங்கள். உவர் காசு குடுத்தவர்."

"சில பேர் அதுவும் செய்யிறேல்லை."

நான் எழும்பிக் கை கழுவப் போவேன்.

மிச்சக் கதை இதுதான். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜேர்மன் அதிகாரிகள் வந்து ஹொட்டேலைப் பிடித்துக்கொண்டார்கள். குசினியில் சமையலுக்கு நின்றவர்கள் வெள்ளிக் கரண்டி முழுவதையும் நிலவறையில் உருளைக்கிழங்குக்குக் கீழே ஒளித்துவிட்டு, அதிகாரிகளுக்குத் தகரக் கரண்டி வைத்தார்கள். பிறகு ஹொட்டேல் நொடித்தது. நடன மண்டபத்தில் மழைக்கு வாளி வைத்தார்கள், புறா முட்டையிட்டது. பிறகு சூதாட்டத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கவே, புது முதலாளிகள் வந்து நடன மண்டபத்தைக் கசினோவாக்கினார்கள். சுவரில் இருந்த பெரிய மணிக்கூட்டைப் பலகை அடித்து மூடினார்கள். விளையாடுகிறவனுக்கு நேரம் தெரியக்கூடாதாம். மணிக்கூடு உள்ளே இன்னும் ஓடுகிறது. பலகையில் காதை வைத்தால் கேட்கும். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் காதை வைத்துக் கேட்பார்களாம். அதுதான் அங்கே பெரிய விசேசம்.

என்னோடு இருக்கும்போது அவளுக்கு நேரம் நன்றாகத் தெரியும். "பால் முடிஞ்சுது", "காருக்கு ரயர் மாத்துங்கோ", "எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு." இந்த மூன்றையும் தவிர எனக்கு என்று அவளிடம் வசனம் இல்லை. வெண்ணெய்க்காரனுக்கு என்றால் ஒன்றரை மணித்தியாலம் பேசுவாள்.

4

இந்த மாசி மாதம் எங்கள் கல்யாணத்துக்கு இருபத்தைந்தாவது வருடம். வெள்ளிவிழா. இங்கே எங்கள் கத்தோலிக்கச் சனம் அதைச் சும்மா விடாது. சாமியார் வந்து ஆசீர்வதிக்க வேண்டும், பெண்ணும் மாப்பிள்ளையும் மறுபடி மாலை மாற்ற வேண்டும், கேக் வெட்ட வேண்டும். ஜூட்லாந்தில், பிராண்டேயில் இருக்கும் என் அக்கா, தமக்கை என்ற உரிமையில், ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டா. "தம்பி, நான் காரிலை மூண்டு மணித்தியாலம் இருந்து வாறது பிளாஸ்ரிக் மாலையைப் பாக்க இல்லை, சொல்லிப்போட்டன்."

அக்கா குத்திய இடம் எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணம் இங்கேதான் நடந்தது. பனி கொட்டிய நாள். பூ மாலை எங்கும் கிடைக்கவில்லை. தமிழ்ச் சங்கத்து அலுமாரியிலிருந்து பிளாஸ்ரிக் மாலை இரண்டு எடுத்துவந்தோம். பூச்சி உருண்டை மணத்தது. ஜெசிந்தா அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகும் சொன்னதில்லை. ஆனால் யாருடைய கல்யாணத்துக்குப் போனாலும் பொம்பிளையின் மாலையைத் தொட்டுப் பார்ப்பாள். "உண்மைப் பூ" என்பாள். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடமாக இந்த இரண்டு சொல்லைக் கேட்கிறேன்.

அதனால் யாருக்கும் தெரியாமல் உண்மைப் பூ மாலை இரண்டுக்கு ஏற்பாடு செய்தேன். ஹம்பேர்க்கில் ரஞ்சன் என்று ஒரு சிநேகிதன் இருக்கிறான். கல்யாண வீடுகளுக்கு இந்தியாவிலிருந்து விமானத்தில் பூ எடுப்பிக்கிறவன். மல்லிகையும் ரோசாவும் வைத்துக் கட்டிய மாலை. அன்று காலை ரயிலில் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். அக்காவுக்கு மட்டும் சொன்னேன். மகள் மெலனிக்குக்கூடச் சொல்லவில்லை. அவளுடைய வாயில் ரகசியம் நிற்காது.

இஷொயில் நகரசபை மண்டபத்தைப் பதிந்தேன். எத்தனை கதிரை, யார் பொறுப்பு, எத்தனை மணிக்குக் கூட்டிக் கழுவிப் பூட்டித் திறப்பைத் திருப்பித் தருவீர்கள் என்று எல்லாம் கேட்டு எழுதினார்கள். பிற்பகல் நான்கு மணிக்குச் சாமியார்.

எல்லாம் சரி. ஒரு நாள் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே ஜெசிந்தா சொன்னாள்.

"இஞ்சருங்கோ, ஹொட்டேலுக்கு ஜுபிலி. கட்டின நாளைப் பெரிசாக் கொண்டாடீனம். நான்தான் முழுச் சனத்தையும் சுத்திக் காட்டவேணும். ஹென்ரிக் என்னைத்தான் கேட்டவர்."

"எப்ப?"

சொன்னாள். எங்கள் நாள்.

"நாள் மறந்துபோச்சோ?"

"மறக்கேல்லை. பகல் ரெண்டு மணியோடை முடிஞ்சிடும். நாலு மணிக்கு நான் மண்டபத்திலை நிப்பன்."

"கேக்கமுன்னமே ஓம் எண்டிட்டு வந்து எனக்குச் சொல்லுறீர்."

"நான் இல்லாட்டி ஆர் செய்யிறது?"

"எனக்கு மட்டும் ஆர் இருக்கினம்?"

அவள் கோட்டைக் கொழுவினாள். அந்தக் கறுப்புக் கோட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டில் மரக் கொழுவி இருக்கிறது. என்னுடையது ஆணியில்.

5

அன்று காலை நல்ல உறைபனி. ரயில் பிந்தி மத்தியானம்தான் வந்தது. ரஞ்சன் இறங்கி ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பெட்டியைத் தந்தான். திறந்து பார்த்தேன். இரண்டு மாலை, ஈரத் துணியில் சுற்றி. மல்லிகை மணம் வந்தது.

"காருக்குள்ளை வைச்சிடாதை மச்சான். குளிர் பட்டால் கறுத்துப்போம்" என்றான். அவனுக்கு மல்மோவில் இன்னொரு கல்யாண வீடு இருந்தது, போய்விட்டான்.

வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்து ஜெசிந்தாவை ஏற்ற நேரம் போதாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹொட்டேலுக்கு நடந்தேன். இத்தனை வருடமும் பின்கதவில், காருக்குள் இருந்து காத்திருந்தவன். முன்கதவால் அன்றைக்குத்தான் போனேன். பித்தளையில் சுழலும் கதவு. பெட்டியோடு உள்ளே மாட்டுப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தெருவில் வந்து நின்றேன். வாசலில் நின்றவன் சிரிக்காமல் பக்கக் கதவைத் திறந்துவிட்டான். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

உள்ளே மெலனி நின்றாள். படிக்கிற பிள்ளை. ஜுபிலி நாளில் ஆட்களின் கோட்டு வாங்கி வைக்கும் வேலைக்குத் தாய் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அப்பா! நீங்கள் வந்தீங்களா!" என்றாள் டேனிஷில். "அம்மாவுக்குச் சந்தோசமா இருக்கும். இது என்ன?"

"பூ மாலை. கவனம் பிள்ளை. குளிரிலை வைக்காதை, ஹீற்றருக்குக் கிட்டவும் வைக்காதை."

"ஹொட்டேலுக்கா?"

எனக்கு எரிச்சல். சுற்றிவர ஆட்கள். "கவனமா வைச்சிரு" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் தமிழில் விளக்கினால் அவளுக்கு முழுதும் விளங்காது, டேனிஷில் விளக்க எனக்கு வராது. எங்கள் வீட்டில் பாதிக் கதை இப்படித்தான் நடுவில் நிற்கும்.

ஜெசிந்தா எங்கே என்று கேட்டேன். உள்ளே சனத்தோடு நிற்கிறாள், கடைசிச் சுற்று, வேண்டுமானால் நீங்களும் சேரலாம் என்றாள். ரிக்கற் ஒன்றும் தந்தாள். சும்மா நின்று என்ன செய்வது, போனேன்.

6

என் மனைவியை நான் தூரத்தில் நின்று பார்த்தது குறைவு. குளிர்காலத் தோட்டத்தில் பனைகளுக்கு நடுவே நின்றாள். சுற்றிவர நரைத்த தலைகள். எல்லாரும் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பனை என்றதும் நீங்கள் எங்கள் பனையை நினைக்காதீர்கள். சாடியில் நிற்கும் வேறு ஏதோ சாதி. ஒவ்வொன்றுக்கும் காலடியில் சூடு. என் காலடியில் ஒரு நாளும் யாரும் சுடுதண்ணீர் ஓடவிட்டதில்லை.

அவள் என்னைக் கண்டாள். கண் ஒருதரம் என்னில் பட்டுப் போனது. வாயிலிருந்து வந்த சொல் ஒன்றுகூடத் தடுக்கவில்லை.

வெண்ணெய்க்காரனின் மனைவி செத்த கதை வந்தது. முன்னுக்கு நின்ற ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள். அதே கதையை நான் முகம் கழுவிக்கொண்டு கேட்டவன். எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் நானும் கைக்குட்டையைத் தேடினேன்.

அடுத்தது கசினோ. அங்கே யார் போனாலும் அடையாள அட்டை காட்டி, படம் எடுத்து, பதிந்துதான் விடுவார்கள். அது இந்த நாட்டுச் சட்டம். நான் அட்டையைக் கொடுத்தேன். அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "வாருங்கள், சூசைப்பிள்ளை" என்று சிரித்தாள். சூசைப்பிள்ளை என் அப்பா. எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயர் முன்னுக்கு இருக்க, வந்த நாளில் அதையே என் பெயராக்கி எழுதிவிட்டார்கள். அப்பா சாகும்வரை சீட்டுக்கட்டைத் தொடாத மனிதர். 304 விளையாடுகிற வீட்டில் தண்ணியும் குடிக்க மாட்டார். அவருடைய பெயரில் நான் கசினோவுக்குள் போனேன்.

உள்ளே பகலா இரவா என்று தெரியாது. மேலே கூரையில் பழக்கூடை வைத்திருக்கும் பெண்களின் ஓவியம். கீழே பச்சை மேசைகள். ஒரு வழுக்கைத் தலையன் ரூலெற் சில்லுச் சுற்றுவதைப் பார்த்தபடி, நாங்கள் வந்ததையே கவனிக்காமல் இருந்தான். எல்லாரும் வரிசையாகப் போய்ப் பலகையில் காதை வைத்து மூடிய மணிக்கூட்டைக் கேட்டார்கள். என் முறை வந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

ஜெசிந்தா கிட்ட வந்து மெல்லத் தமிழில் சொன்னாள். "வந்தனியள்தானே. காதை வையுங்கோ."

"வீட்டிலை மணிக்கூடு இருக்கு."

"உங்களுக்கு ஒரு நாளும் ஒண்டும் பிடிக்காது."

"உமக்கு இஞ்சை எல்லாம் பிடிக்கும்."

டேனிஷ் சனம் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தது. ஏதோ அன்பாகக் கதைக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

7

அன்றைக்குச் சுற்று முடிந்தது பெரிய படிக்கட்டடியில். அங்கே ஒரு கல் தூணின் மேல் வெண்ணெய்க்காரனின் வெண்கலத் தலை இருக்கிறது. நெஞ்சு வரைக்கும். தாடி, மூக்குக் கண்ணாடி. ஹொட்டேல் முதலாளிமார், படம் பிடிக்கிறவர்கள் எல்லாரும் அங்கே கூடி நின்றார்கள். நாங்கள் போகும்போது கைதட்டல் கேட்டது.

எனக்கு முதலில் மணம் வந்தது. மல்லிகை.

எட்டிப் பார்த்தேன். வெண்ணெய்க்காரனின் கழுத்தில் என் மாலை. பக்கத்தில் மெலனி, கையில் வெறும் பெட்டியோடு. மற்ற மாலை மேலாளர் ஹென்ரிக்கின் கையில். அதை எங்கே போடுவது என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

பிள்ளையைப் பிழை சொல்ல முடியாது. இப்போது யோசித்தால் விளங்குகிறது. அவள் சின்ன வயதிலிருந்து எங்களோடு வந்த ஒவ்வொரு தமிழ் விழாவிலும் முதல் நிகழ்ச்சி என்ன? மேடையில் இருக்கும் படத்துக்கு மாலை போடுவது. ஜுபிலி நாளில் அப்பா, ஒரு நாளும் முன்கதவால் வராத அப்பா, மாலைப் பெட்டியோடு வந்து நிற்கிறார். அவள் தாய்க்காக நான் சமாதானத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஹென்ரிக்கிடம் போய், எங்கள் முறைப்படி மரியாதை செய்ய என் அப்பா கொண்டுவந்தார் என்று சொல்லியிருக்கிறாள். அவனுக்குப் பெரிய சந்தோசம். டேனிஷ்காரரும் இப்படியான நாளில் சிலைக்கு மலர் வளையம் வைக்கிறவர்கள்தானே. கல்யாண மாலை எது, செத்தவனுக்குப் போடும் மாலை எது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் அந்த நேரம் இதெல்லாம் எனக்கு ஓடவில்லை. கல்யாணத்துக்கு அவளுக்குப் போடக் கிடைக்காத பூவை இருபத்தைந்து வருடம் கழித்துத் தேடி எடுத்தால், அது போய் அந்தத் தாடிக்காரனின் கழுத்தில் விழுகிறது. பனையும் அவனுக்கு, கதையும் அவனுக்கு, என் மனைவியின் சனி ஞாயிறும் அவனுக்கு. மாலையுமா?

"அது என்ரை மாலை!" என்று கத்தினேன். தமிழில். அந்த மண்டபத்தில் என் குரல் கூரை வரைக்கும் போய் வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். மெலனியின் முகம் வெளிறியது. "அப்பா?" என்றாள். "பிழையாச் செய்திட்டனா?" அதைத் தமிழில் கேட்டாள்.

ஜெசிந்தா மாலையைப் பார்த்தாள். ஹென்ரிக்கின் கையிலிருந்த மற்றதைப் பார்த்தாள். இரண்டு மாலை. பிறகு என்னைப் பார்த்தாள்.

"உண்மைப் பூவோ?" என்றாள்.

"ஓம்."

"நாலு மணிக்கோ?"

"ஓம். இனி என்னத்துக்கு? உந்தாளுக்கே இருக்கட்டும். உமக்கும் அவருக்கும் நல்ல பொருத்தம்."

ஹென்ரிக் எதுவும் விளங்காமல், மிக அழகாக இருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் படம் எடுக்கும்வரை அப்படியே இருக்கட்டும் என்று டேனிஷில் சொன்னான். எனக்கு விளங்கியது. கோபம் வந்தால் எனக்கு டேனிஷ் நன்றாக விளங்கும்.

அவள் ஹென்ரிக்குக்கு ஒரு நாளும் 'இல்லை' சொன்னதில்லை. லீவு நாளில் கூப்பிட்டாலும் போவாள், காய்ச்சலோடும் போவாள். நான் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி என்று சொன்னால் நான் அப்படியே வெளியே போய், அக்காவுக்கும் சாமியாருக்கும் விழா இல்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

"இல்லை, ஹென்ரிக்" என்றாள். பிறகு சனத்துக்கும் கேட்கும்படி, சுற்றிக்காட்டும் அதே குரலில், "இந்தக் கனவானுக்கு என்னுடைய சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். மாலை என் கணவருடையது" என்றாள்.

தூண் உயரம். அவளுக்கு எட்டவில்லை. படிக்கட்டுக்குக் கீழே இருந்த சின்னக் கதவைத் திறந்து, துப்பரவாக்குகிறவர்கள் பாவிக்கும் ஏணிக்கதிரையை இழுத்து வந்தாள். எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கறுப்புக் கோட்டோடு ஏறினாள்.

"பாத்துக்கொண்டு நிக்கிறியள். பிடியுங்கோவன்."

ஏணியைப் பிடித்தேன். மூக்குக் கண்ணாடியில் மாட்டாமல் மெல்லக் கழற்றி எடுத்தாள். இறங்கி, ஹென்ரிக்கிடம் இருந்ததை வாங்கி என்னிடம் தந்தாள்.

"போடுங்கோ."

"இஞ்சையோ? உவன்ரை காலடியிலையோ? விசரோ உமக்கு? மண்டபத்திலை சாமியார்..."

"சாமியார் ஆசீர்வதிக்கட்டும். நீங்கள் போடுங்கோ. பூ வாடுது."

போட்டேன்.  அவள் எனக்குப் போட்டது வெண்ணெய்க்காரனின் கழுத்தில் கிடந்த மாலையை. வெண்கலத்தின் குளிர் இன்னும் பூவில் இருந்தது. மெலனி அழுதுகொண்டு படம் எடுத்தாள். சனம் கைதட்டியது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. இது உங்களுக்கு வைத்த நிகழ்ச்சி இல்லை என்று கத்த வேண்டும் போல இருந்தது. டேனிஷில் வரவில்லை.

முகநூலில் வந்த படம் ஹொட்டேல்காரர் காலையில் எடுத்தது. எங்கள் இரண்டு பேரின் படம் மெலனியின் போனில் இருக்கிறது. அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அது எங்களுடையது.

8

நான்கு மணிக்கு மாலையும் கழுத்துமாகவே மண்டபத்துக்குப் போனோம். அக்கா வாசலில் நின்றா. மேலும் கீழும் பார்த்தா.

"கேக்கையும் அங்கையே வெட்டிச் சாப்பிட்டிட்டோ வாறியள்?"

"மச்சாள், பூவைப் பாருங்கோ" என்றாள் ஜெசிந்தா.

அக்கா தொட்டுப் பார்த்தா. மணந்து பார்த்தா. "ஓம், உண்மைப் பூ. ஆனா இதிலை என்ன, பித்தளை பொலிஷ் மணக்குது?"

கதை தெரிந்த பிறகு அக்கா சிரித்த சிரிப்பில் சாமியார் செபத்தை இரண்டு தரம் நிறுத்தினார்.

9

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

மூன்று நான்கு கிழமைக்குப் பிறகு பாண் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரன் ஒருவன் என் தோளில் தட்டினான். அவனுடைய தாய் அந்த ஹொட்டேலைச் சுற்றிப்பார்க்கப் போனாவாம். 'மாலைக்காரன் நீதானா' என்று கேட்டான். எனக்குத் தலைக்கு ஏறியது. ஜெசிந்தா எங்கள் கதையைச் சுற்றில் சேர்த்துவிட்டாள். உருளைக்கிழங்குக்குக் கீழே வெள்ளிக் கரண்டி, பலகைக்குப் பின்னால் மணிக்கூடு, சிலையின் கழுத்தில் சூசைப்பிள்ளையின் மாலை. நானும் அந்தக் கட்டடத்தின் விசேசங்களில் ஒன்றாகிவிட்டேன்.

வீட்டில் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு சொல்லாமல் போனேன். இந்த முறை காசு கொடுத்து ரிக்கற் வாங்கினேன். குளிர்காலத் தோட்டத்தில் பனைக்குப் பின்னால் நின்றேன். கசினோவில் மறுபடி அப்பாவின் பெயரைச் சொல்லி வரவேற்றார்கள். கடைசி ஆளாகப் போய், யாரும் பார்க்காத நேரம் பலகையில் காதை வைத்தேன். கேட்டது. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

படிக்கட்டடிக்கு வந்ததும் அவள் கதையைத் தொடங்கினாள். நான் கூட்டத்துக்குப் பின்னால், மண்டபத் தூண் ஒன்றின் மறைவில். அவள் சொன்னதில் நான் கத்தவில்லை. அவளைத் தேடி, பனியில் பூவோடு நடந்து வந்த மனிதன் ஒருவன் இருந்தான். பெட்டியோடு சுழல்கதவில் ஒரு சுற்றுச் சுற்றினான். தோட்டம் கட்ட வசதியில்லாதவன், ஆனால் குளிரில் கறுத்துப்போகும் பூவை ஒரு இதழ் கறுக்காமல் கொண்டுவந்தவன். வெண்ணெய்க்காரனுக்குக் குரல் மாறும் அந்த இடம் இருக்கிறதே, அதே குரல். அந்தக் குரலில் அவள் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அதையும் முன்பின் தெரியாத இருபது முப்பது பேர்தான் கேட்கிறார்கள், நான் களவாக நின்று கேட்கிறேன். அந்த மனிதன்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

ஒரு கிழவி கேட்டாள், உங்கள் கணவருக்கு இந்த ஹொட்டேலின் மேல் இன்னும் பொறாமை இருக்கிறதா என்று.

ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. "தூணுக்குப் பின்னால் நிற்கிறார். நீங்களே கேளுங்கள்" என்றாள்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"ஓம்" என்றேன்.

யாரும் அதை மொழிபெயர்க்கக் கேட்கவில்லை. ஜெசிந்தா கோட்டைச் சரி செய்துகொண்டு, அடுத்தது லிஃப்ற், வாங்கில் ஒருவர்தான் இருக்கலாம் என்று சொல்லி முன்னே நடந்தாள். நானும் ரிக்கற் வாங்கியவன்தானே. பின்னால் போனேன்.